பிளேன் ஏறுகிற அன்றைக்கு எடுக்கலாம்

நான் வேலை செய்த காலத்தில் என்னிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை. ஓய்வு பெற்று உடுவிலில் வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில்தான், எனக்கு அனுபவம் என்று ஒன்று இருப்பதாக என் பழைய கந்தோர் கண்டுபிடித்திருக்கிறது. போன மாதம் தொலைபேசியில் அழைத்தார்கள். நல்லூரில் இருக்கும் எங்கள் பயண முகவர் நிலையத்தில் காப்புறுதி மேசையை எடுத்துவிட்டார்களாம். இனி எல்லாம் கைத்தொலைபேசியில். டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் இடத்தில் ஒரு சின்னப் பெட்டி வரும். பயணக் காப்புறுதி வேண்டுமா என்று அது கேட்கும். வேண்டுமென்றால் விரலால் தொட வேண்டும்.

யாரும் தொடுகிறார்கள் இல்லையாம். அதனால் அந்த மேசையில் பல வருடம் இருந்த நான், எப்போது காப்புறுதி எடுக்க வேண்டும் என்று சனத்துக்கு விளங்கும்படி ஏதாவது எழுதித் தந்தால் நல்லது என்றார்கள். மேசையை எடுத்து வெளியில் வைத்துவிட்டு, மேசை என்ன சொன்னது என்று விசாரிக்கிறார்கள். சரி, எழுதுகிறேன்.

நான் இந்த வேலையைப் படித்தது கொழும்பில். குளிரூட்டிய அறையில் சில நாட்கள் வகுப்பு. கற்பிக்க வந்தவர் பனிச்சறுக்கில் கால் முறித்தவர்களுடைய படங்களைக் காட்டி ஒரு காலைப்பொழுது முழுக்க விளக்கினார். யாழ்ப்பாணத்தில் இருந்து பனியில் சறுக்கப் போகிறவர்கள் எவ்வளவு பேர் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மத்தியானம் நல்ல சாப்பாடு தந்தார்கள். கடைசி நாள் சான்றிதழும் தந்தார்கள். அவ்வளவுதான் என் பயிற்சி. மிச்சம் முழுவதையும் எனக்குக் கற்பித்தவர்கள் வாடிக்கையாளர்களும் எங்கள் மனேஜர் அருளானந்தம் ஐயாவும்தான்.

வாடிக்கையாளர்கள் கற்பித்ததை முதலில் சொல்கிறேன். ஐரோப்பாவுக்கு விசா கேட்பவர்களிடம் தூதரகம் காப்புறுதிப் பத்திரம் கேட்கும். ஆகவே நேர்முகத்துக்கு முதல் நாள் பின்னேரம், நாங்கள் கதவு சாத்தும் நேரத்தில், மூச்சு வாங்க ஓடி வருவார்கள். விசா கிடைத்த மறுநாளும் ஓடி வருவார்கள். விசா வந்துவிட்டது, இனி இது எதற்கு, காசைத் திருப்பித் தாருங்கள் என்பார்கள். காய்ச்சல் வந்தால் தூதரகத்துக்குத்தான் வரும், தங்களுக்கு வராது என்பது அவர்களுடைய உறுதியான நம்பிக்கை.

இன்னும் சிலர் பஞ்சாங்கம் பார்த்து வருவார்கள். ஒரு அம்மா ராகுகாலம் முடியும்வரை என் மேசைக்கு முன்னால் கதிரையில் பேசாமல் இருந்து, முடிந்த பிறகு கையெழுத்துப் போட்டார். அவருடைய விமானம் கிளம்புவதே ராகுகாலத்தில்தான். அதை நான் சொல்லவில்லை. எனக்கும் வியாபாரம் நடக்க வேண்டும்.

வடகரையில் இருந்து, சொந்தமாக வள்ளங்கள் வைத்திருக்கும் ஒரு சம்மாட்டி வந்தார். தகப்பனும் பாட்டனும் கடலோடிகள். மகனைப் பார்க்க நோர்வேக்குப் போகிறார். நான் காப்புறுதி என்று வாயைத் திறந்ததும், பிள்ளை, கடலுக்குப் போகிற எங்களுக்கு யார் காப்புறுதி தந்தது என்று கேட்டார். இவ்வளவு வருடத்தில் நியாயமான காரணம் சொல்லி மறுத்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் போகும்போது திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார். கடலை நம்பலாம், விமானத்தை ஓட்டுகிறவனை எனக்குத் தெரியாது என்றார்.

இவர்கள் எல்லோரையும் அருளானந்தம் ஐயா ஒரே மாதிரித்தான் நடத்துவார். ஒருவருடைய பாஸ்போட்டைத் தொட முன்னர் பின்பக்கம் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, துவாயால் ஈரம் போகத் துடைத்துவிட்டு வருவார். சத்திரசிகிச்சை செய்யப் போகிறாரோ என்று புதியவர்கள் பயப்படுவார்கள். பிறகு பாஸ்போட்டை விரித்து, படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்ப்பார். டிக்கெட்டுக்குப் பணம் கட்டி முடிந்ததும், சிரிக்காமல் ஒரு கேள்வி கேட்பார்: “போகேலாமல் போனால் என்ன செய்வியள்?”

கலியாணத்துக்கும் பேரப்பிள்ளை பார்க்கவும் போகிறவர்களிடம் இதைக் கேட்டால் எப்படி இருக்கும்? சிலர் சிவ சிவா என்பார்கள். சிலர் எழுந்து போவார்கள். வேறு கந்தோர்களில் லட்டு கொடுத்து டிக்கெட் கொடுத்த காலத்தில் நாங்கள் இந்தக் கேள்வியைக் கொடுத்தோம். வியாபாரம் படுக்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. பயணக் காப்புறுதி என்றால் வெளிநாட்டில் வருத்தம் வந்தால் ஆஸ்பத்திரிச் செலவு தருவது மட்டும்தான் என்று சனம் நினைக்கிறது. அந்தப் பங்கு விமானம் ஏறிய பிறகுதான் தொடங்கும். ஆனால் அதில் இன்னொரு பங்கு இருக்கிறது. புறப்பட முன்னரே வருத்தம் வந்தோ, வீட்டில் யாருக்கும் ஏதும் நடந்தோ பயணம் நின்றுபோனால், கட்டிய டிக்கெட் காசைத் தருவது. அது பத்திரம் எடுத்த நாளிலிருந்தே தொடங்கிவிடும். இன்றைக்கு எடுத்தாலும் கடைசி நாள் எடுத்தாலும் கட்டும் காசு அநேகமாக ஒன்றுதான், ஏனென்றால் பயண நாட்களைப் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். அப்படியானால் டிக்கெட் எடுத்த அன்றைக்கே எடுப்பவனுக்கு இடையில் இருக்கும் மாதங்கள் சும்மா கிடைக்கின்றன. கடைசி நாள் எடுப்பவன் அதே காசைக் கட்டி அந்த மாதங்களை விட்டுவிடுகிறான். இவ்வளவுதான் விசயம். இதை விளங்கப்படுத்தத்தான் எனக்கு ஒரு உத்தியோகக் காலம் முழுவதும் போனது. விளங்கப்படுத்தி முடித்தேன் என்று சொல்லமாட்டேன்.

ஏனென்றால் என் சொந்தக் குடும்பத்துக்கே விளங்கவில்லை.

கனகசபை அத்தான் என் கணவருடைய மூத்த அண்ணன். உரும்பிராயில் தோட்டம். வெங்காயம் வைப்பதில் அந்தப் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. மழை வரப்போகிறதென்றால் நோய் வர முன்னரே மருந்து அடித்துவிடுவார். வந்த பிறகு அடிப்பவர்களைப் பார்த்துச் சிரிப்பார். தண்ணீர் இறைக்கும் பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே, பழுதானால் போடவென்று இன்னொன்றை வாங்கிக் கொட்டிலில் வைத்திருந்தவர். இப்படிப்பட்டவருக்குக் காப்புறுதி என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதே இல்லை என்று நான் நினைத்தேன்.

அவருடைய ஒரே மகள் துஷ்யந்திக்கு டொரன்டோவில் கலியாணம். அவள் அங்கே வங்கியில் வேலை. மாப்பிள்ளையும் அங்கேதான். ஆவணியில் முகூர்த்தம். மாசியில் அத்தானும் அவருடைய மனைவி புஷ்பமக்காவும் டிக்கெட் எடுக்க எங்களிடம் வந்தார்கள். அத்தான் சட்டைப்பையில் மகள் எழுதி அனுப்பிய விமானங்களின் விபரம். புஷ்பமக்கா வாசல் படியில் ஏறி வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் கதிரையில் இருந்தார். அதை அத்தான் கவனிக்கவில்லை. நானும் அன்றைக்குப் பெரிதாக எடுக்கவில்லை.

டிக்கெட் போட்டு முடிந்ததும் ஐயா தன் கேள்வியைக் கேட்டார். அத்தானுக்கு முகம் சிவந்துவிட்டது.

“ஐயா, நல்ல காரியத்துக்குப் போறம். உப்பிடிக் கதையாதேங்கோ” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “மலர், நான் வீட்டிலை இருக்கிற மாதங்களுக்கும் காசு கட்டோணுமோ? பிளேன் ஏறுற அண்டைக்கு எடுக்கலாம்.”

காசு கூடப்போவதில்லை, ஒரே விலைதான் என்று நான் சொன்னேன். அப்படியானால் ஏன் அவசரம் என்று கேட்டார். இடையில் யாருக்கும் ஏதும் நடந்தால் என்று சொல்லத் தொடங்கினேன். என்னுடைய மேசையில் இருந்த சின்னப் பிள்ளையார் படத்தைப் பார்த்து அத்தான் கை கூப்பினார். அதோடு கதை முடிந்தது. அவர்கள் போன பிறகு ஐயா டிக்கெட் பிரதியைக் கோப்பில் வைத்தபடி, உங்களுடைய அத்தான் வெங்காயம் செய்கிறவரோ என்று கேட்டார். ஓம் என்றேன். மழைக்கு முன்னரே மருந்து அடிக்கிறவரோ என்று கேட்டார், அதற்கும் ஓம் என்றேன்.

சில நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை நல்லூருக்குக் கும்பிட வந்த புஷ்பமக்கா, அர்ச்சனைப் பையோடு தனியாகக் கந்தோருக்கு வந்தார். தனக்கு மட்டும் காப்புறுதி வேண்டும் என்றார். காசு அவருடைய கோழிகள் தந்தது. அத்தானுக்குச் சேர்த்து எடுக்கலாமே என்று கேட்டேன். அவருக்கு எடுத்தால் அவர் கையெழுத்துப் போட வேண்டும், கையெழுத்துப் போட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் எனக்கும் வேண்டாம் என்பார் என்று அக்கா ஒழுங்காகக் காரணம் சொன்னார். எங்கள் குடும்பத்தில் யோசித்துப் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். ஆனபடியால் அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அவரை ஐயாவிடம் அனுப்பினேன். வயது போனவர்களுக்கு உடல்நிலைக் கேள்விகளை ஐயாதான் கேட்பார். அதற்கும் ஒரு தனி முறை வைத்திருந்தார். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். பிறகு ஒன்றும் பேசமாட்டார். வருத்தம் ஏதும் இருக்கிறதா என்றால் எல்லோரும் முதலில் இல்லை என்றுதான் சொல்வார்கள். ஐயா கண்ணாடியைப் போடாமல் காத்திருப்பார். அந்த அமைதியைத் தாங்கமுடியாமல் ஒவ்வொன்றாக வெளியே வரும். சீனி கொஞ்சம் இருக்கு. பிரஷருக்குக் குளிசை போடுறனான். போன வருசம் ஒருக்கா விழுந்தனான். பொலிசாருக்கு இந்த முறை தெரிந்திருந்தால் எவ்வளவோ நேரம் மிச்சமாகியிருக்கும்.

புஷ்பமக்காவும் ஒன்றும் இல்லை என்றார். ஐயா காத்திருந்தார். அக்கா பையின் வாரைச் சுருட்டினார், விரித்தார்.

“படி ஏறேக்கை கொஞ்சம் மூச்சு வாங்கும்” என்றார். “வயசுதானே.”

ஐயா பேனையை மூடி வைத்துவிட்டார். இதை எழுதாமல் பத்திரம் தந்தால் அது வெறும் கடதாசி என்றார். முதலில் ஒரு டொக்டரிடம் காட்டிவிட்டு வரச் சொன்னார். எனக்கு ஐயாவில் கோபம் வந்தது. வராது வந்த ஒரு வாடிக்கையாளரை, அதுவும் எங்கள் வீட்டு மனுசியை, இந்தக் கிழவர் திருப்பி அனுப்புகிறாரே என்று நினைத்தேன். அக்காவோ கோபிக்கவில்லை. கோவிலுக்குத்தான் போகிறேன் என்று வீட்டில் சொல்லி, அடுத்த வெள்ளி டொக்டரிடம் போனார். இதயத் துடிப்பை வரைந்து பார்த்தார்கள். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை; பிரஷருக்கு மட்டும் ஒரு குளிசை கொடுத்தார்கள். அதற்கடுத்த வெள்ளி எங்களிடம் வந்தார். அத்தான் அந்த மாதம் மனைவிக்குப் பக்தி முற்றிவிட்டதாக என் கணவரிடம் பெருமைப்பட்டாராம்.

மூச்சு வாங்குவது, குளிசை, டொக்டர் பார்த்தது எல்லாவற்றையும் ஐயா எழுதினார். கம்பனி கொஞ்சம் கூடுதலாகக் காசு கேட்டு ஏற்றுக்கொண்டது. போகும்போது அக்கா என்னிடம், அத்தானிடம் சொல்லாதையும் என்றார். எடுத்ததற்காகக் கோபிக்கமாட்டார், தன்னைக் கேளாமல் எடுத்ததற்குத்தான் கோபிப்பார் என்றார். நான் சொல்லவில்லை. வாடிக்கையாளரின் விசயம் வெளியே போகக்கூடாது என்பது கந்தோரின் சட்டம். அத்தானிடம் ஏச்சு வாங்கக்கூடாது என்பது என்னுடைய சட்டம்.

ஆடியில் கலியாணத்துக்குப் பட்டு எடுக்கக் கடைக்குப் போயிருந்தார்கள். பட்டுச்சேலை மேல்மாடியில். மேல்மாடிப் படியில் பாதியில் அக்கா குந்திவிட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்த்துப் போனவரை, கடைக்காரப் பெடியள் கதிரையோடு தூக்கி இறக்கினார்களாம். ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தபோது இதயத்துக்குப் போகும் இரத்தக்குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் என்கிற கம்பிச்சுருள் வைக்க வேண்டும், பல மாதங்களுக்கு விமானத்தை நினைக்கவும் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் கந்தோர் திறக்க முன்னரே அத்தான் வாசலில் நின்றார். சவரம் செய்யவில்லை. தோட்டத்துச் செருப்போடு வந்திருந்தார். உள்ளே வந்து என் மேசைக்கு முன்னால் இருந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“மலர், உம்மடை கம்பியூட்டரிலை திகதியை மாத்தேலாதோ? மாசியிலை எடுத்த மாதிரிப் போட்டு விடுமன்.”

ஏலாது அத்தான் என்றேன். யாருக்குத் தெரியப்போகிறது என்றார். நேற்றுவரை அவள் சுகமாகத்தானே இருந்தாள் என்றார். பிறகு, தான் என் புருசனோடு கூடப்பிறந்தவர் என்பதை எனக்கு நினைவூட்டினார். என் கலியாணத்துக்குப் பந்தல் போட்டது யார் என்பதையும் நினைவூட்டினார். மாசியில் நான் ஒரு நல்ல வாக்கியத்தைத் தொடங்கியபோது பிள்ளையாரைக் கும்பிட்டதை மட்டும் அவர் மறந்துவிட்டார்.

சிரிக்கலாம்தான். ஆனால் அவர் மடித்து வைத்திருந்த இரண்டு டிக்கெட்டையும் எடுத்து என் மேசையில் விரித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் எனக்கு இருந்த சிக்கலைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவர் யாருக்காகக் கெஞ்சுகிறாரோ அந்த மனுசிக்குக் காப்புறுதி ஏற்கனவே இருக்கிறது. அதைச் சொன்னால் அவருடைய பாதிப் பாரம் இறங்கும். சொல்லாதே என்று கேட்டவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறார்.

ஐயா கை கழுவி, துடைத்து, அருகில் வந்து நின்றார். அத்தான் அவரிடமும் அதையே கேட்டார்.

“நடந்து முடிஞ்ச பிறகு எடுக்கிறதுக்குப் பேர் காப்புறுதி இல்லை, அண்ணை” என்றார் ஐயா. “அதுக்குப் பேர் வேறை. நாங்கள் அதைச் செய்யிறேல்லை.”

அத்தான் எழுந்துவிட்டார். வாசல்வரை பின்னால் போய், பின்னேரம் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன், அக்காவோடு கதைப்போம் என்றேன். அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

பின்னேரம் சூப் கொண்டு போனேன். அக்கா சாய்ந்து இருந்தார். அத்தான் பக்கத்தில் முக்காலியில் இருந்து, கந்தோரில் நாங்கள் எப்படி இரக்கம் இல்லாமல் நடந்தோம் என்று என் முன்னாலேயே மனைவிக்கு விபரித்துக்கொண்டிருந்தார். டிக்கெட் காசு இரண்டும் போய்விட்டது, திகதியைக்கூட மாற்றமாட்டார்களாம் என்றார். அக்கா என்னைப் பார்த்தார். நான் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றுவதில் மிகுந்த கவனமாக இருந்தேன்.

“எனக்கு எடுத்தாச்சு” என்றார் அக்கா. “உங்கடைதான் போச்சு.”

அத்தானுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. அக்கா சுருக்கமாகச் சொன்னார்: வெள்ளிக்கிழமைகள், டொக்டர், கோழிக்காசு. நான் ஏச்சுக்குத் தயாராக நின்றேன். மனைவிக்கு ஒன்று, எனக்கு ஒன்று, ஐயாவுக்கு ஒன்று வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் காசைப் பற்றிக் கேட்கவில்லை. தன்னைக் கேளாமல் எடுத்ததைப் பற்றியும் கேட்கவில்லை.

“அப்ப உனக்கு மாசியிலையே ஏலாமல் இருந்ததோ?” என்றார்.

“ஓம்.”

“எனக்கேன் சொல்லேல்லை?”

“நீங்கள் கேட்டனீங்களோ?” என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. சூப்பை ஊதிக்கொண்டே சொன்னார்.

அத்தான் முக்காலியை விட்டு எழுந்து யன்னல் பக்கம் போய், வெளியில் நின்ற அம்புலன்சை அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கத் தெரிந்த ஒரு ஆள் கந்தோரில் இருந்தார். வீட்டில் இருக்கவில்லை. எனக்கு வாயில் வந்த ஒரு நக்கலும் அப்போது வெளியே வரவில்லை. வராதது அபூர்வம் என்பதால் எழுதி வைக்கிறேன்.

கம்பிச்சுருள் வைத்தார்கள். அக்கா தேறி வந்தார். நீங்கள் மட்டுமாவது போங்கோ, பிள்ளைக்குத் தாரைவார்க்க ஒராள் வேண்டாமோ என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். துஷ்யந்தியும் அழுது கேட்டாள். அத்தான் போகவில்லை. எங்கள் பக்கத்தில் பெரியப்பா முறையான ஒருவர் அங்கே தாரைவார்த்துக் கொடுத்தார். அத்தானின் டிக்கெட் வெறும் டிக்கெட்டாகவே காலாவதியானது. காப்புறுதி எடுத்திருந்தால் மனைவியின் வருத்தத்துக்காக அவருடைய காசும் திரும்பி வந்திருக்கும் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. அதை ஐயா ஏற்கனவே அவரிடம் சொல்லியிருந்தார்.

கலியாணத்தை உரும்பிராயில் தொலைபேசியில் பார்த்தோம். அத்தான் பட்டு வேட்டி கட்டி, சால்வை போட்டு, சந்தனப்பொட்டோடு தொலைபேசிக்கு முன்னால் இருந்தார். அக்கா கலியாண மண்டபத்தில் கட்டவென்று எடுத்த சேலையைக் கட்டியிருந்தார். டொரன்டோவில் படம் பிடித்தவர் கலைஞன். மண்டபத்தின் கூரையை வெகு நேரம் காட்டினார். பிறகு ஐயரின் முதுகு. பிறகு யாரோ ஒரு குழந்தை ஐஸ்கிறீம் சாப்பிடுவது. தாலி கட்டும் நேரத்தில் படம் நின்றுவிட்டது. மேளம் மட்டும் கேட்டது. மேளம் உச்சத்தில் போனபோது அத்தான் எழுந்து, உறைந்து நின்ற அந்தப் படத்துக்கு மேல் அரிசியும் பூவும் தூவினார். அக்கா தொலைபேசியில் விழுந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

அக்காவின் டிக்கெட் காசுக்கு நாங்கள் விண்ணப்பித்தோம். கொழும்பில் இருந்த காப்புறுதிக் கம்பனி மறுத்து எழுதியது. பயணிக்கு முன்னரே வருத்தம் இருந்தது, ஆகவே பொறுப்பில்லையாம். ஐயா அதை வாசித்துவிட்டுக் கை கழுவப் போனார். கடிதத்துக்கும் கை கழுவுவார் என்று எனக்கு அன்றுதான் தெரியும். திரும்பி வந்து தொலைபேசியை எடுத்து அந்த அதிகாரியைக் கூப்பிட்டார். மூச்சு வாங்குவதை நாங்கள் மறைத்தோமா என்று கேட்டார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அந்தப் பக்கத்தில் இருப்பவருக்குக் கண்ணாடி தெரியாது. ஆனாலும் வைத்தார். இல்லை என்று பதில் வந்திருக்க வேண்டும். கூடுதல் காசு கேட்டு வாங்கியது நீங்கள்தானே என்று அடுத்து கேட்டார். நீண்ட அமைதி. அந்த அமைதியில் கொழும்பு அதிகாரி தன் குடும்பத்துக்கு இருக்கும் வருத்தங்களையும் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். அந்தக் கூடுதல் காசு வாங்கியது எதற்காக என்று ஐயா கடைசியாகக் கேட்டார். கொஞ்ச நாளில் காசு வந்தது.

அன்றைக்கு அக்கா உண்மையைச் சொல்லாமல் விட்டிருந்தாலோ, ஐயா அதை எழுதாமல் விட்டிருந்தாலோ ஒரு சதமும் வந்திருக்காது. அவரைத் திருப்பி அனுப்பிய அன்று ஐயாவில் வந்த கோபத்தை நான் அவருக்கு ஒருபோதும் சொன்னதில்லை. சொன்னாலும் அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இன்னும் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

இதற்குப் பிறகு நடந்தது அதிசயம். அத்தான் காப்புறுதி நிபுணர் ஆகிவிட்டார். உரும்பிராயில் யாராவது வெளிநாடு போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் வீடு தேடிப் போய் விளங்கப்படுத்தினார். சந்தையில் வெங்காயம் நிறுத்துக்கொண்டே விளங்கப்படுத்தினார். புஷ்பத்துக்கு நான்தான் எடுப்பித்தனான் என்றும் இரண்டொரு இடத்தில் சொல்லியிருக்கிறார். அக்கா காதில் அது விழுந்தபோது, சொல்லட்டும், இனியாவது எடுப்பார்தானே என்றார். அத்தான் அனுப்பியதாகச் சொல்லி ஆட்கள் என் மேசைக்கு வந்தார்கள். டிக்கெட் எடுத்த கையோடு வந்தார்கள். என் உத்தியோகக் காலத்தில் நான் இவ்வளவு நிம்மதியாக வேலை செய்தது அந்தக் கடைசி மாதங்களில்தான். பிறகு ஓய்வு பெற்றேன்.

மார்கழியில் துஷ்யந்தியும் மாப்பிள்ளையும் அக்காவைப் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை நல்ல பிள்ளை. பலகாரம் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மழைக்காலம். வந்து ஒரு கிழமை ஆகவில்லை, காய்ச்சல் பிடித்தது. இரத்தம் பார்த்தால் டெங்கு. அரசாங்க ஆஸ்பத்திரியில் நுளம்புவலைக்குள் போட்டார்கள். அக்கா நெஞ்சில் கம்பிச்சுருளோடு காலையும் மாலையும் கஞ்சி காய்ச்சிக்கொண்டு ஓடினார்.

நான் பார்க்கப் போனபோது துஷ்யந்தியிடம் மெதுவாகக் கேட்டேன். வங்கியில் வேலை செய்கிற பிள்ளை, பிறருக்குக் கடனும் காப்புறுதியும் விற்கிறவள். பயணக் காப்புறுதி எங்கு எடுத்தீர்கள் என்றேன்.

“எடுக்கேல்லை சித்தி” என்றாள். “ஊருக்குத்தானே வாறம் எண்டு விட்டிட்டம்.”

அத்தான் அப்போதுதான் இளநீரோடு உள்ளே வந்தார். வந்த வேகத்தில் நின்றுவிட்டார். இளநீரை வைத்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் போய், வலைக்கு வெளியே நின்றுகொண்டு, காய்ச்சலில் கண் சொருகிக் கிடந்த மருமகனுக்குச் சொல்லத் தொடங்கினார். டிக்கெட் எடுக்கிற அன்றைக்கே எடுக்க வேண்டும் என்றார். முந்தி எடுத்தாலும் பிந்தி எடுத்தாலும் விலை ஒன்றுதான் என்றார். இடையில் இருக்கும் மாதங்கள் சும்மா கிடைக்கும் என்றார். இருக்கிற வருத்தத்தை மறைக்கக்கூடாது, மறைத்தால் அது வெறும் கடதாசி என்றார். மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் ஓம் மாமா, ஓம் மாமா என்றார். பக்கத்துக் கட்டில்காரரும் எழுந்து இருந்து கேட்டார்.

நான் கேட்டுக்கொண்டு நின்றேன். ஒரு பிழை இல்லை. நான் அந்த மேசையில் இருந்த காலம் முழுவதும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. கந்தோரில் இருந்து கேட்டவர்களுக்கு எழுதித் தருவதைவிட, அவரை அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருத்திவிடலாம்.

அத்தான் மூச்சு விட நிறுத்திய இடத்தில், கஞ்சிக் கிண்ணத்தோடு நின்ற அக்கா வலையைத் தூக்கி, கட்டில் விளிம்பில் இருந்து, கரண்டியை எடுத்தார்.

“பிள்ளைக்கு வேறை எங்கையும் நோகுதோ?” என்று கேட்டார்.

இல்லை மாமி என்றார் மாப்பிள்ளை.

அக்கா கரண்டியைக் கிண்ணத்திலேயே வைத்துக்கொண்டு, அவருடைய முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வயிற்றின் வலப்பக்கத்தில் கை வைத்து, நேற்றிலிருந்து இந்த இடத்தில் நோகிறது என்று சொன்னார். டெங்குக்காரருக்கு வயிறு நொந்தால் உடனே சொல்லச் சொல்லியிருந்தார்கள்; அக்கா எழுந்து தாதியைக் கூப்பிடப் போனார். அத்தான் பேசுவதை நிறுத்திவிட்டு, முக்காலியை இழுத்து மருமகனுக்குப் பக்கத்தில் போட்டு இருந்தார்.

“எப்ப தொடங்கினது?” என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார்.